இருபது காம்பு ஒரு கட்டு

தளியில் மாசிப் பனி விலகவில்லை.
திருப்பாடல் ஐம்பத்தொன்றைப் பாதி சொல்லுமுன்
கம்பெனி வேன் ஆரன் அடித்தது.
மீதியை ஏறி உட்கார்ந்து சொன்னேன்,
உதடு அசையாமல்.

வெயில் ஏறியதும் பாலித்தீன் கூடாரத்துக்குள்
நேற்றுப் பூசையில் பூசிய சாம்பல்
வியர்வையோடு இறங்கிக் கண்ணில் கரித்தது.

நாற்பது நாளும் ஒருசந்தி என்று நேர்ந்திருக்கிறேன்.
வயிறு முணுமுணுத்தது, அடக்கினேன்.
நாக்கு அடங்கவில்லை:
ரோஜா வாளியை மாற்றி எடுத்த முனிரத்னாவைத்
திருட்டுக் கை என்றேன்.
முள் குத்திய விரலைச் சப்பியபடி
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மேஸ்திரி எண்ணுகிறார்.
இருபது காம்பு ஒரு கட்டு,
கழுத்து வளைந்தது கழிவு.
குளிர் அறையில் வைத்தால்
பத்து நாள் வாடாதாம்.
பத்தே நாள்.

வாடாத முடி ஒன்று உண்டு என்றார் சாமியார்.
அங்கே யார் எண்ணுவார்
என் நாற்பது நாளையும்
அந்த ஒரு சொல்லையும்?

சாப்பாட்டு மணி.
என் தூக்குச்சட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன்.
திறந்தாள். ராகிக்களியைப் பிட்டு
என்னிடமே நீட்டினாள்:
"நீயும் தின்னு, மயங்கி விழப்போறே."

வாங்கிக்கொண்டேன்.
கழிவுக் கூடையில் ஒரு பூ
கழுத்து வளைந்தபடியே
விரிந்துகொண்டிருந்தது.