பத்துக்கு எத்தனை

புது வடிவம் வந்து ஒன்பது நாள்.
முதலாளியின் மருமகன் ஆளுக்கொரு தாள் நீட்டினான்:
எழுத்து, தலைப்பு, நிறம், மொத்தத் தோற்றம், படம்,
எதிரே கட்டம், பத்துக்கு எத்தனை.
பெயர் போட வேண்டாம், மனசில் பட்டதை எழுதுங்க என்றான்.
கீழமாசி வீதிக் கிளையில் இருப்பதே
நான் ஒருத்தி.

எழுத்து: எட்டு.
நல்லதை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும்.
எறும்பு ஊர்ந்தாற்போல் இருந்த தங்கம் விலையை
விளக்குத்தூண் பக்கம் நடந்துகொண்டே
கண்ணாடி போடாமல் படிக்கிறார்கள்.

தலைப்பு: ஐந்து.
இரண்டு கயல் இருந்த இடத்தில் ஒன்று,
அதுவும் செதில் இல்லாமல் ஒரே கோட்டில்.
கட்டு எடுக்க வந்த நாகூர்கனி கேட்டான்,
"இன்னொண்ணு என்னாச்சுக்கா, கொழம்புக்குப் போயிருச்சா?"

நிறம்.
சிவப்பு போய் ஒரு சாம்பல் நீலம்.
அமைதியாக இருக்கிறது என்கிறார் வடிவமைத்தவர், பெங்களூரிலிருந்து.
சாயங்காலம் ஐந்து மணிக்கு
நகரத் தொடங்கிய பஸ்ஸின் ஜன்னலுக்குள்
கை நீட்டி விற்கிற பேப்பர் இது.
அமைதியாக இருந்தால் யார் திரும்பிப் பார்ப்பது?
நாலு. இல்லை, மூன்றரை.

மொத்தத் தோற்றம்: ஏழு.
மை வடையில் ஒட்டவில்லை என்கிறார் செல்லையா.

வெற்றிடம் என்று தாளில் ஒரு வரி இல்லை,
நானே சேர்த்துக்கொள்கிறேன்.
செய்திகளுக்கு நடுவே மூச்சு விட இடம் வேண்டுமாம்.
அந்த இடத்தில்தான் வைகை அணை நீர்மட்டம் இருந்தது.
இவர்கள் விட்ட மூச்சில் அது ஆறாம் பக்கத்துக்குப் பறந்துவிட்டது.
வாடிப்பட்டியிலிருந்து தினமும் ஒரு குரல்
எத்தனை அடி என்று மட்டும் கேட்டுவிட்டு போனை வைக்கிறது.

படம்.
இங்கேதான் பேனா நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை
செக்கானூரணியிலிருந்து ஒச்சம்மாள் வந்தாள்,
இறப்பு விளம்பரம் கொடுக்க.
வாசிமலை, வயது அறுபத்திரண்டு, காரியம் வெள்ளிக்கிழமை.
ஏதோ கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம்.
தோளில் இன்னொருவர் கை,
உடம்பு இல்லாமல்,
ஆள்காட்டி விரல் பாதியோடு.

புது வடிவத்தில் இறந்தவர்கள் எல்லாரும் வட்டத்துக்குள்.
திரையில் போட்டேன். முகம் நடுவில் வந்து அழகாக உட்கார்ந்தது.
கை காணாமல் போனது.
நல்லவேளை என்று நானேதான் சொன்னேன்.

"கை இருக்கணும் தாயி.
அது அவுக தம்பி கை.
வரப்புத் தகராறுல பதினோரு வருசமாப் பேச்சில்ல.
திருமங்கலத்துல மில்லுல இருக்காக, எந்தத் தெருன்னு தெரியாது.
சாயந்தரம் டீக்கடையில ஒங்க பேப்பரப் பாப்பாகளாம்.
அண்ணன் மொகத்தப் பாத்தா தாண்டிப் போயிருவாக.
தன் கையத் தாண்ட முடியுமா?"

பெங்களூருக்கு போன் போட்டேன்.
வட்டம் மட்டும்தான் இருக்கிறது என்றார்,
ஒன்றைப் பெரிதாக்கினால் பக்கத்தின் ஒழுங்கு குலையும் என்றார்.
அவர் சொன்னதில் தப்பில்லை.
குலையத்தான் செய்யும்.

வர்த்தக விளம்பரத்துக்கு மட்டும் இன்னும் சதுரம் உண்டு.
ஆழ்துளைக் கிணற்றுக்கும் மூலம் பௌத்திரத்துக்கும் நடுவே
வாசிமலையை வைத்தேன், தம்பி கையோடு.
கூடுதல் நூற்று எண்பது ரூபாயை
எந்தக் கணக்கில் எழுதினேன் என்று
பெயர் போடாத இந்தத் தாளிலும் சொல்ல மாட்டேன்.

வெள்ளி போய், சனியும் போயிற்று.
வந்தாரா, தெரியாது.
ஒச்சம்மாளின் எண் ரசீதுக் கட்டையில் இருக்கிறது.
இரண்டு தடவை அழுத்தப் போய் நிறுத்திவிட்டேன்.

மருமகன் தாளை வாங்க வந்துவிடுவான்.
படத்துக்கு நேரே கட்டம் காலியாக,
நாலு மூலையும் கூராக.

போன் அடிக்கிறது.
வாடிப்பட்டியாகத்தான் இருக்கும்.
ஆறாம் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே எடுக்கிறேன்:
ஐம்பத்தேழேகால் அடி, ஐயா.