நாய் உண்டு

விடிய நாலரைக்கு, மோட்டர்கள் எழும்ப முதல்,
கோண்டாவில் மூன்றாம் கிணற்றுக்குள்
நாடாவை இறக்குகிறேன்.
நுனியில் ஒரு மீற்றருக்குச் சோக்கட்டி பூசியிருக்கும்.
நனைந்த இடத்தில் வெள்ளை கறுக்கும்.
அதுதான் இன்றைய தண்ணீர்.
நேற்றையிலும் நாலு சென்ரிமீற்றர் கீழே.

போத்தலில் கொஞ்சம் அள்ளி
உப்புமானியைத் தோய்த்தால்
எண் தத்தளித்துத் தத்தளித்து
ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தில் நிற்கிறது.
இங்கே நின்றால் கடல் தெரியாது.
சுண்ணக்கல்லுக்குத் தெரியும்.

எட்டு மணிக்குக் கந்தோர்.
சுவரில் இரண்டு கோடுகள்:
நீலம் வழங்கல், சிவப்புத் தேவை.
ஆனியில் ஒன்றையொன்று தொட்டன.
நல்லூரில் கொடி ஏறச் சிவப்பும் ஏறி
தேரன்று தாளுக்கு வெளியே போனது;
மேலே இன்னொரு தாள் ஒட்டினோம்.
புரட்டாதி நடுவில் அது பொத்தென்று விழ
பொறியியலாளர் பிரபாலினி கேட்டா,
"சனம் சிக்கனம் பழகீட்டுதோ?"

இல்லை மிஸ்.
குருநகரில் பைப்பைத் திறந்தால் காத்து வருகுது.
காத்து வருகுது எண்டு
எத்தினை தரம் போன் எடுப்பினம்?
நாங்கள் தேவை என்று கீறுவது
கேட்டவர்களின் தொகை.
கேட்டுக் களைத்தவர்களுக்கு
எங்களிடம் நிறப்பேனை இல்லை.

(இதை நான் சொல்லவில்லை.
"பாக்கவேணும் மிஸ்" என்றுதான் சொன்னேன்.)

ஆள் பற்றாக்குறை.
பின்னேரங்களில் மானி வாசிப்பதும் நானே.
தாங்கியடி ஒழுங்கையில் ஒரு மாடிவீடு.
ஆட்கள் ரொறன்ரோவில்.
கேற்றுப் பூட்டில் துரு, மாபிள் படியில் வேப்பஞ்சருகு.
போன மாதம் பூச்சியம்.
இந்த மாதம் முப்பத்தொன்பது யூனிற்.

மதிலுக்கு மேலால் ஒரு பச்சை ஹோஸ்.
பொருத்தில் சைக்கிள் ரியூப் இறுக்கிச் சுற்றி
நுனியில் சீலைத்துண்டு கட்டி
ஒரு சொட்டுச் சிந்தாமல்.
எங்கள் பிரதான குழாய்
நூற்றுக்கு இருபத்தெட்டை மண்ணுக்கு வார்க்கிறது.
நகரத்தில் கசிவில்லாத ஒரே இணைப்பு
இந்தக் களவுதான்.

வாளியோடு நின்ற மனுசி ஒளிக்கவில்லை.
பேர் லூர்துமலர்.
"எழுதப் போறீரோ?
எழுதுறது எண்டால் இதையும் சேர்த்து எழுதும்"
என்று ஒரு கொப்பியை நீட்டினா.
பிள்ளைகளின் கணக்குக் கொப்பி, சதுரக் கட்டங்கள்.
பதினொரு வீடு, இருபத்தாறு நாள்.
பிரான்சிஸ்கு வீடு நாலு வாளி.
சிவக்கொழுந்தர், கிட்னி வருத்தம், ஒண்டு கூட.
நஸ்ரினா வீடு, கைக்குழந்தை, ஆறு.
தலைமுழுக்கு ஞாயிறு மட்டும்.
ஆட்டுக்கு அரை.
கடைசி நிரலின் தலைப்பு: கேளாதவை.
அதில் ஒரே ஒரு பேர்:
'பராசக்தி ரீச்சர். கேக்கமாட்டா.
வாசலில வச்சிட்டு வாறது. இரண்டு.'

கைக்கருவி குறியீடு கேட்டது.
மூன்று என்றால் கேற் பூட்டு.
ஐந்து, மானி பழுது.
ஆறு, சட்டவிரோதம்; இதற்குப் படமும் எடுக்கவேண்டும்.
ஏழு, வளவில் நாய் உண்டு, வாசிக்க முடியவில்லை.

வாழ்நாளில் எத்தனையோ தரம்
எங்கள் திணைக்களம் செய்ததைத்தான்
நானும் செய்தேன்: ஏழை அழுத்தினேன்.
இந்தமுறை மட்டும்
எழுத்துப்படி.

ஐப்பசி பிறந்து பத்து நாள். வானம் வெறும் அலுமினியம்.
பிரபாலினி மிஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
"தாங்கியடி வீட்டு நாய் இன்னும் நிக்குதோ?"
"நிக்குது மிஸ்."
"என்ன நாய்?"
"பெரிசு. நல்லாத் தண்ணி குடிக்கும்."
அவ பேனையை மூடினா.
வேறொன்றும் கேட்கவில்லை.

விடிய நாலரை. சோக்கட்டி. நாடா.
மூன்று சென்ரிமீற்றர்.
குனிந்தபடி நின்று கணக்குப் பார்க்கிறேன்,
இதில் எத்தனை மயிரிழை
என் நாய் குடித்தது.