குழாய் திறக்கும் நேரம்

குஷிரோவில் ஜனவரி மாதம்
படுக்கப் போகுமுன் குழாய்களில் இருக்கும் நீரை
ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும்.
மறந்தால் விடிவதற்குள் உறைந்து வெடிக்கும்.
வந்த புதிதில் ஒன்று வெடித்தது,
அரைமாதச் சம்பளம் போனது.
அதற்குப் பின் மறந்ததில்லை.

சுபுஹுக்கு எழுந்ததும் முதல் வேலை
குளியலறைத் தரையோரத்துத் திருகைத் திறப்பது.
காலிக் குழாய்க்குள் தண்ணீர் ஏறும்.
முதலில் ஓர் இருமல்.
பிறகு சுவருக்குள் யாரோ
தட்டுமுட்டுச் சாமான்களோடு வீடு மாறுவதுபோல்
தடதடவென்று.
கடைசியில்தான் என் உள்ளங்கைக்கு வரும்,
கத்தி மாதிரி.

முகம் மூன்று தடவை. முழங்கைவரை கை.
தொழிற்சாலையில் அறுத்த சால்மனின் வாடை மட்டும்
எத்தனை ஒளுவுக்கும் போகாமல்
என்னோடு தொழ வந்து நிற்கும்.

மர்கிலானில் கிப்லா தென்மேற்கு.
இங்கே வடமேற்கு,
அதாவது குளிர்பெட்டிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே.
சஜ்தாவில் அதன் உறுமல் நெற்றியில் அதிரும்.
முதல் வருடம் அதை மன்னிக்க முடியவில்லை.
இப்போது அது சட்டென்று நின்றால்
எத்தனையாவது ரக்அத் என்று தடுமாறுகிறேன்.

சலாம் கொடுத்துத் திரும்பியபின்
கீழ்த்தளத்தில் ஒரு மணி.
ஒரே ஒரு தட்டு. நெடுநேரம் தேயும்.
நிஷிகாவா அம்மாள்
இறந்துபோன கணவரின் படத்துக்கு முன்னால்
அன்றைய முதல் சோற்றை வைக்கிறார் என்பது
பின்னால்தான் தெரிந்தது.
அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம்
குப்பையைப் பற்றி.
செவ்வாய் எரிகிறது, வியாழன் எரியாதது.

பிப்ரவரியில் காய்ச்சல்.
இரண்டு நாள் திருகைத் தொடவில்லை.
தொழுதேனா, நினைவில்லை.
படுத்தபடி உதடு அசைந்திருக்கலாம்.
மூன்றாம் நாள் கதவு தட்டும் சத்தம்.
கழுத்தில் துண்டு, கையில் மூடிய சட்டி.
"முரோத்-சான், தண்ணீர் ஏறவில்லையே."
எந்தத் தண்ணீர் என்றேன்.
சுவரைக் காட்டினார்.

குளிர்காலம் முழுக்க அதைக் கேட்டுத்தான் எழுவாராம்,
அரிசிப் பானையின் பொத்தானை அழுத்துவாராம்.
"இரண்டு நாளாக அவருக்குச் சோறு தாமதம்."
சொல்லும்போது குரலில்
கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

சட்டியில் கஞ்சி, நடுவில் ஒரு சிவந்த புளிப்புக்காய்.
மூடியில் ஒட்டிய மருந்துக்கடைச் சீட்டின் பின்புறம்
பெரிய பெரிய எழுத்தில்:
பன்றி இல்லை. மது இல்லை.
யாரிடம் கேட்டாரோ.

அந்த வாரம் தொலைபேசியில் தம்பி கேட்டான்,
அங்கே பாங்கு கேட்குமா?
இல்லை என்றேன்.
பிறகு யோசித்து,
எனக்குக் கேட்காது, கீழ்வீட்டுக்குக் கேட்கும் என்றேன்.
காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று
அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறான்.

ஜூன் வந்தது.
வடிக்க வேண்டாம், உறையாது.
ஆனால் சுபுஹு நகர்ந்து நகர்ந்து
நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு வந்து நிற்கிறது.
சன்னலில் மூடுபனி. துறைமுகத்தில் எங்கோ சங்கு.
போன கோடைகளில் தெரியாது.
இப்போது தெரியும், கீழே ஒரு காது இருக்கிறது.
குழாயை நூலளவு திறந்து,
அடியில் துணியை விரித்து,
திருடனைப் போல் ஒளு செய்தேன்
பத்து நாள்.

செவ்வாய்க்கிழமை குப்பைக் கூண்டருகே
வழிமறித்தார்.
"உங்கள் தண்ணீருக்கு என்ன வெட்கம்?"
அந்நேரத்தில் உங்கள் தூக்கம் என்று இழுத்தேன்.
"கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.
கேட்காத இரவுதான் விழித்துக் கிடக்கிறேன்."

பிறகு என் கையிலிருந்த பையை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"இது எரியாதது.
வியாழக்கிழமை கொண்டு வாருங்கள்."