நான்காம் பொத்தான்

யாப் செங் கியட் இறந்த காலை
பத்திரிகைப் பெண் தொலைபேசியில் கேட்டாள்:
அவரோடு பழகியிருக்கிறீர்களா?
ஒரு முறை பேசியிருக்கிறேன், மின்தூக்கியில்.
முப்பத்தொரு வருடம்
அவராகப் பேசியிருக்கிறேன்.

நாடாளுமன்ற மாடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
கீழே ஒவ்வோர் இருக்கையிலும் நான்கு பொத்தான்.
நான்காவது தமிழ்.
எத்தனை பேர் அழுத்தினார்களோ.
அவர் இருமினால் நானும் நிறுத்துவேன்.
அவர் மேசையைத் தட்டினால்
ஒரு வல்லினம் தேடி அழுத்துவேன்.

அதற்கும் முன்னால்
அவர் பேருந்து நடத்துநர்.
வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள்
ஃபேரர் பார்க்கில், லாரியின் மேல்,
பயணச்சீட்டில் துளையிடும் கருவியை
ஆட்டிக் காட்டிப் பேசினார்.
கூட்டத்தில் ஆங்கிலம் படித்த தமிழ்ப்பெண்
நான் ஒருத்திதான். பத்தொன்பது வயது.
ஒலிவாங்கியைக் கையில் திணித்தார்கள்.
அவர் ‘வீ’ என்றார்.
யோசிக்காமல் ‘நாம்’ என்றேன்.
துறைமுகத்துக்காரர்கள் பக்கமிருந்து விசில்.

பிறகு தொகுதி, பிறகு அமைச்சு,
பிறகு கறுப்பு வண்டி.
அந்தச் சொல் மட்டும் அதேதான்.
வீ, வீவக வீடு கட்டுகிறோம்: நாங்கள்.
வீ, கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்: நாம்.
வீ, கம்போங்கைக் காலி செய்கிறோம்: நாங்கள்.
வீ, மசே நிதிக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும்: நாம்.
யாரும் சொல்லித்தரவில்லை.
யாருடைய கூரை, யாருடைய கை என்று
காதுக்குத் தெரியும்.

செம்பவாங் கடற்படைத் தளத்தை
வெள்ளைக்காரர்கள் மூடிய வருடம்.
இளஞ்சிவப்பு அட்டைக்கே முதலில் வேலை.
அப்பாவிடம் இருந்தது நீல அட்டை.
நம் மக்களை நாம் கைவிட மாட்டோம்
என்பது அவர் சொல்ல நினைத்தது.
‘எங்கள் மக்களை நாங்கள் கைவிட மாட்டோம்’
என்பது என் வாயில் வந்தது.
பத்து நிமிடத்தில் கூண்டுக்குள் துண்டுச்சீட்டு:
‘நம்’ என்று சொல்லவும்.
கையெழுத்து இல்லை.
அடுத்த வாக்கியத்திலிருந்து ‘நம்’ என்றேன்.
இருபத்தைந்தாம் தேதி சம்பளம்.

அப்பா ரஜூலா கப்பலில் ஏறினார்,
ஒரு தகரப்பெட்டி, இரண்டு மைலோ டின்.
‘நல்லாப் பேசுறியாம்’ என்றார்.

மின்தூக்கியில் அவர் கேட்டதும் அதைப் போலத்தான்:
நீங்கள்தானே தமிழ்?
உங்கள் மொழியில் நான் நீளமாகப் பேசுகிறேனாமே?
சில சொல்லுக்கு இரண்டு இருக்கிறது, என்றேன்.
எதற்கு, என்று திரும்பினார்.
கதவு திறந்துவிட்டது.

கடைசிப் பேச்சு.
பதவி விலகல், முழங்கால் வலி, நன்றிகள்.
நடுவில், தாளில் இல்லாத ஓர் இடத்தில்,
‘வீ’ என்று ஆரம்பித்து
அப்படியே நின்றார்.
அவையில் மின்விசிறிச் சத்தம்.
கூண்டில் சிவப்பு விளக்கு எரிகிறது.
நான் ‘நா’ என்றேன்.
காத்திருந்தேன்.
அவர் தண்ணீர் குடித்தார்,
தாளுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அவ்வளவுதானா, என்றாள் பத்திரிகைப் பெண்.
அவ்வளவுதான்.
விசைப்பலகை ஓசை நின்றது.
‘ந’வா, மேடம்?
இல்லையம்மா, என்றேன்,
நெடில்.