குட்டைக் கத்தரி

பணகுடியில் ஆடி மாதம்.
காற்றாலைக் காவலர் அருளப்பன் கேட்டார்:
“ஓலை மறைப்பு கட்டட்டுமாம்மா?
பாவம், என்னமா ஆடுது!”
வேண்டாம் என்றேன்.

சுவரோரக் கத்தரி
என் முழங்காலைத் தாண்டியிருந்தது.
வெட்டவெளியில் நின்றது அதில் பாதி.
தண்டு மட்டும் சுண்டுவிரல் கனம்.

பாளையங்கோட்டை ஆய்வகத்தில்
இரு தண்டுகளையும் ஐஸில் வைத்து அரைத்தேன்.
புகை வாசமடிக்கும் குவையகால் ஒரு சொட்டு,
பிறகு பெராக்சைடு.
சுவரோரத்தது யோசித்தது.
காற்றில் நின்றது
நான் கடிகாரம் பார்க்குமுன்னே
தேரிமண் நிறத்துக்கு வந்துவிட்டது.

பெராக்சிடேஸ்.
அலைக்கழியும் செல்லில் ஊறும் நஞ்சை
அது வீணாக்குவதில்லை;
அதையே செலவழித்து
லிக்னின் கோத்து
சுவரை இறுக்குகிறது.
இறுகிய சுவர் பிறகு நீளாது.
உயரம்தான் கொடுத்த விலை.

போனில் இதை எப்படிச் சொல்வதென்று
இழுத்துக்கொண்டிருந்தேன்.
“காய்க்குமா?” என்றார் அருளப்பன்.
அதை நான் அளக்கவில்லை.
அவர் பக்கம் இறக்கைகள் சுற்றும் இரைச்சல்.
“வெளிய மிச்சம் நிக்கதுல மூணு பூ இருக்கு.
காலையில எண்ணுனேன்.
ஒண்ணுகூட உதிரலை.”