சேவத்தூரில் நெளிந்த கல்

மூன்று நாளைக்கு ஏழாயிரத்து ஐநூறு,
டீசல் உங்களுடையது,
கீறல் விழுந்தால் அதுவும் உங்களுடையது
என்றார் வாணியம்பாடி ஷெட்டில் அப்சர் பாய்.
முன்பு ஆம்புலன்ஸாக ஓடிய வண்டி.
வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில்
சிவப்புக் கோடு இன்னும் ஓடுகிறது.
உள்ளே மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு,
கூரையில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டிய கொக்கி.
அதில் மெஹ்ரூன்
ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தொங்கவிட்டாள்.

ஆறு வருஷமாக ஆம்பூரில்
அடுத்தடுத்த மிஷினில் தைக்கிறோம்,
மலையேறும் பூட்ஸின் மேல்தோல்.
இடது கால் எனக்கு, வலது கால் அவளுக்கு.
பெட்டியில் ஒட்டும் சீட்டில் ஒரு தீவின் பெயர் வரும்.
சாப்பாட்டு வேளையில் போனில் தேடினோம்:
கறுப்பு மணல், வாய் பிளந்த மலை,
வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் வாடகை வேன்,
அதன் வாசலில் கால் நீட்டிக்
காப்பி குடிக்கும் ஒருத்தி.
"அவ கால்ல நம்ம தையல்டீ" என்றாள் மெஹ்ரூன்.
எந்தக் கால், என்று கேட்டேன்.

ஆயுத பூஜையோடு ஞாயிறும் ஒட்டி வந்தது.
லைசென்ஸ் அவளிடம். பயம் என்னிடம்.

பாலாற்றுப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி
"இதான் கடல்னு வெச்சிக்கோ" என்றாள்.
வைத்துக்கொண்டேன்.
நடுக்கடலில் பையன்கள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.
தூரத்தில் கானல் அலையடித்தது,
அது மட்டும் பொய்யில்லை.

ஏலகிரிக்குப் பதினாலு கொண்டை ஊசி.
ஒன்பதாவதில் என்ஜின் கொதித்து நின்றது.
பானெட்டைத் திறந்ததும் குப்பென்று எழுந்த ஆவிக்கு
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெயர் வைத்தோம்:
எரிமலை.
அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்
குரங்குகள் வாழைப்பழத்தை முடித்திருந்தன.

இரவு, திருப்பத்தூர் ரோட்டில், டார்ச் அடித்தது போலீஸ்.
"ரெண்டு பொம்பளைங்க தனியாவா?"
"தனியா இன்னா சார், ரெண்டு பேரு இருக்கறோமே."
அவருக்குக் கணக்கு உதைத்தது.
ஆர்.சி. புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

மறுநாள் சேவத்தூர்.
குவாரி வாசலில் காதில் வயர் மாட்டிய காவலாள்,
இருபது வயசிருக்கும், திருவேங்கடம் என்று பேட்ஜ்.
உள்ளே விடமாட்டேன் என்றவன்
தண்ணீர்க் கேன் கொடுத்ததும் பேச்சுக் கொடுத்தான்.
"இங்க அடியில நெருப்புக் கொழம்பு ஏறி வந்துச்சாம்க்கா.
வெளிய வரதுக்குள்ள ஆறிடுச்சாம்.
காலேஜ் சாருங்க பேசிக்கினாங்க."
எப்போ?
"எண்பது கோடி வருசம் இருக்குமாம்."
"அவ்ளோ நாளா அடக்கி வெச்சிருக்குதா" என்ற மெஹ்ரூன்
அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவள் வீட்டுக் கதை எனக்குத் தெரியும்.
நானும் பேசவில்லை.

உள்ளங்கையில் அவன் கொட்டியது
பித்தளை நிறத்தில் செதில் செதிலாய்க் கல்.
"அடுப்புல போட்டுப் பாருங்க."

ராத்திரி டீ போட்ட அடுப்பில்
பழைய கரண்டியைக் காய்ச்சி ஒன்றைப் போட்டோம்.
சும்மா கிடந்தது.
பிறகு முதுகைத் தூக்கியது,
மண்புழு மாதிரி நெளிந்தது,
நீண்டது, நீண்டுகொண்டே போனது,
கரண்டியை விட்டே எட்டிப் பார்த்தது.
"ஐயோ உசிரு இருக்குதுடீ!"
இன்னொன்று போடு, இன்னொன்று என்று
கேஸ் தீரும்வரை போட்டோம்.
விடியும்போது கட்டில் முழுக்கப் பொன் தூள்.
அப்சர் பாய் அதற்கு இருநூறு பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, எட்டேகால், மிஷின்.
அதே தீவின் ஆர்டர்.
சுடாத செதில் ஒன்றை
நாக்குக்கும் லைனிங்குக்கும் நடுவில் வைத்துத்
தைத்து அனுப்பினேன், இடது கால், முப்பத்தெட்டாம் சைஸ்.
செக்கிங்கில் யாருக்கும் தட்டுப்படவில்லை.
மெஹ்ரூனிடம் சொல்லலாமென்று திரும்பினேன்.
அவள் தலை நிமிராமல்
வலது காலில் எதையோ
வேக வேகமாக மூடித் தைத்துக்கொண்டிருந்தாள்.