ஐம்பத்தெட்டு கிலோ

கரூரில் கடல் என்பது
லேப் ரூமில் இருக்கும் ஒரு வெள்ளை பக்கெட்.
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கல்லுப்பு,
செங்குந்தபுரத்து மளிகைக் கடையில் வாங்கியது.
நீலத் துணியை இரண்டு நாள் அதில் ஊறவைத்து
மொட்டை மாடியில் சித்திரை வெயிலுக்குக் காட்டுவார் தமயந்தியக்கா.
சாயம் இறங்கவில்லை என்றால்
கப்பலுக்கு ஆகும்.

அறுநூற்றுப் பன்னிரண்டு மெத்தை உறை.
பன்னிரண்டாம் தளத்துக்கு மட்டும்.
கீழ்த்தளங்களுக்கு வேறு யாரோ தைக்கிறார்கள்,
மெல்லிசுத் துணியில், எழுத்தில்லாமல்.
எங்களுடையதில் தலைமாட்டில்
தங்க நூலில் ஒரு சொல்.
எம்ப்ராய்டரி மிஷின் பொழுதன்னிக்கும்
அதையே சொல்லிக்கொண்டிருந்தது.
மெர்ச்சண்டைசர் பிரணவைக் கேட்டேன்.

என்னங் தம்பி எழுதியிருக்குது?
எடம் புடிச்சாச்சுன்னு அர்த்தங்க்கா.
ஆரு புடிச்சது?
கூடக் காசு கட்டுனவங்க.
அவங்க வர்லீன்னா?
சும்மா கெடக்கும்.
சும்மா கெடந்தா இன்னொருத்தரு சித்த உக்காரக்கூடாதா?
கூடாதுங்க்கா.
சும்மா கெடக்கறதுக்குந்தான் காசு.

எங்கள் வாங்கல் பஸ்ஸிலும்
ஜன்னல் வழியே துண்டு விழும், டிபன் பை விழும்,
ஒருமுறை ஒரு கைக்குழந்தையே வந்தது, நான்தான் வாங்கினேன்.
ஆனால் அதற்கு ஒரு கணக்கு உண்டு.
வண்டி நகரும்வரைதான்
துண்டுக்கு மரியாதை.

பிறகு ஒருநாள் மரப்பெட்டியில்
நாற்காலியே வந்து இறங்கியது,
அளவு பார்க்க, ஒன்றே ஒன்று.
சாம்பிள் ரூம் ஏசியில் போட்டு
உறையை மாட்டினார்கள்.
ஸ்பெக் ஒன்பதாம் பக்கம் சொன்னது:
ஐம்பத்தைந்திலிருந்து அறுபது கிலோ உள்ள ஓர் ஆள்
இருபது நிமிடம் படுத்திருக்க வேண்டும்,
எழுந்த பின் சுருக்கம் பார்க்க வேண்டும்.

நூல் மூட்டை நிறுக்கும் மேடையில்
வரிசையாக ஏறினோம்.
ஜார்க்கண்ட் சுக்மதி நாற்பத்தொன்று.
தமயந்தியக்கா எழுபத்து மூன்று, சிரித்தபடி இறங்கினார்.
நான் ஐம்பத்தெட்டு.

செருப்பைக் கழற்றவா என்றேன்.
ஸ்பெக்கில் இல்லையே என்றான் பிரணவ்.
கழற்றினேன்.

படுத்ததும் கைகளுக்கு
வேலை இல்லை என்பது நம்பிக்கை வரவில்லை.
விரல்கள் ஓரத்தைத் தடவித்
தையலை எண்ணின. இஞ்சுக்குப் பத்து, சரிதான்.
ஐந்தாம் நிமிடம் டியூப்லைட்டில் ஒரு பூச்சி.
சுவருக்கு அப்பால் நாற்பது மிஷின்கள்
ஒரே சத்தமாகக் கலந்து
வந்து வந்து போயின.
கடல் போலவா என்று கேட்காதீர்கள்,
நான் கடல் பார்த்ததில்லை.
அது மிஷின்தான்.
பதினோராம் நிமிடத்துக்கு மேல்
எனக்கு ஒன்றும் தெரியாது.

எழுப்பியபோது
தோள் கிடந்த பள்ளத்தையும்
இடுப்பு கிடந்த பள்ளத்தையும்
ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
மறுநாள் பதில் வந்தது:
சுருக்கம் ஏற்கத்தக்கது, தொடரலாம்.
அறுநூற்றுப் பன்னிரண்டும் ஒரு கண்டெய்னரில் பாதிகூட நிரம்பவில்லை.

லோடு போன ராத்திரி எட்டேகால் பஸ்.
ஜன்னலோரம் பச்சைக் கட்டம் போட்ட ஒரு துண்டு.
வண்டி நகர்ந்தது.
அரசு காலனி தாண்டியும் ஆள் இல்லை.
கம்பியைப் பிடித்து நின்ற பதினைந்து பேரும்
துண்டையே பார்த்துக்கொண்டு வந்தோம்.
நான் அதை எடுத்து
ஏற்றுமதிக்கு மடிப்பதுபோல் நான்காக மடித்து
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
வாங்கல் வரை யாரும் வரவில்லை.

வீட்டில் அலசினேன்.
வாளி முழுக்கப் பச்சை.
கப்பலுக்கு ஆகாத துணி.
காயவைத்துத் தினமும் பையில் எடுத்துப்போகிறேன்,
உடையவர் கேட்டால் கொடுக்க.